பூவிழி பேசாத அத்தியாயம்

"படத்தில் இல்லாததை எழுத இந்த ஆளுக்கு யார் உரிமை கொடுத்தது?" என்று சேலத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே திருவாரூர்க்காரி ஒருத்தி, "படத்தில் இல்லாத அந்த ஓர் அத்தியாயத்துக்காகத்தான் இந்த நாவலைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். அதற்கும் கீழே பெயர் போடாத ஒருவர்: "பதினான்காம் அத்தியாயம் நல்ல தூக்க மாத்திரை. டாக்டர் சீட்டு தேவையில்லை."

கடைசி வரியை அமலோற்பவம் தன் மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்துதான் வாசித்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதையே மறுபடி வாசித்தாள். இருமல் மருந்துக்கு நின்றவர் இரண்டு தடவை கனைத்த பிறகே எழுந்தாள்.

'கரையில்லாக் கலம்' என்ற படம் சக்கைப்போடு போட்டது. அதன் கதையை நாவலாக எழுதித் தரும்படி சென்னைப் பதிப்பகம் ஒன்று அவள் கணவர் பெர்க்மான்ஸைக் கேட்டது. கப்பலில் ரேடியோ ஆபீசராக அரை ஆயுளைக் கழித்துவிட்டு, கரைக்கு வந்தபின் இப்படிப் படக்கதைகளை நாவலாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். எழுதி முடித்து அனுப்பினார். நாவல் வெளிவந்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார். அச்சுப் புத்தகம் கிடையாது. இப்போதெல்லாம் நாவல்கள் ஏட்டில்தான் வருகின்றன, உள்ளங்கை அகலத்தில், கண்ணாடி போல மெலிந்த ஏடு.

போன் அடித்தது. ஷைனி. பெர்க்மான்ஸின் அக்கா மகள். அந்தப் பதிப்பகத்தில்தான் வேலை பார்க்கிறாள்.

"அத்தை, உக்காந்திருக்கீங்களா?"

"கடையில நிக்கேன். இழுக்காதட்டி, சொல்லு."

"மாமா நாவல்ல பதினாலாவது அத்தியாயத்தை உளி எடுக்கப்போகுது."

உளி என்பது பதிப்பகத்தார் வைத்திருக்கும் இயந்திரம். வாசகர்கள் எழுதும் கருத்துகளைப் படித்து நாவலைச் செதுக்கிக்கொண்டே இருக்கும். நேற்று வாசித்த நாவல் இன்றைக்கு அதே நாவலாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

"எடுக்கும்னா?"

"வெட்டிடும். ஒரு பகுதியைப் பத்தி வாசகர்கள் ரெண்டு பக்கமா பிரிஞ்சு நின்னா உளி தொடாது அத்தை. எந்தப் பக்கம் நியாயம்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஆனா எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சா கை வச்சிடும். இத்தனை நாளும் பாதிக்குப் பாதியா இருந்துச்சு. இப்ப போரடிக்குதுங்கற பக்கம் கூடிக்கிட்டே போகுது."

"நாங்க நாலு பேரு நல்லாருக்குன்னு எழுதிப் போட்டா?"

"பொய்யா எழுதினா கணக்குல சேராது. ஏட்டைப் பிடிக்கிறப்ப கட்டைவிரல் எங்க இருக்கு? அங்க நாடி பாக்குது. உணர்ந்து வாசிச்சீங்களா, சும்மா தள்ளிக்கிட்டுப் போனீங்களான்னு அதுக்குத் தெரியும்." ஷைனி குரலைத் தணித்தாள். "பேசாம அந்த அத்தியாயத்தைப் போட்டோ பிடிச்சு வச்சுக்கோங்க அத்தை. நான் யாருக்கும் சொல்லல."

"செத்தவரு போட்டோ ஏற்கெனவே ஒண்ணு சுவத்துல தொங்குது."

"அத்தை..."

"நான் மட்டும் வாசிக்கணும்னா அவரு எதுக்கு எழுதுதாரு? என் காதுல சொல்லிட்டுப் போயிருப்பாருல்லா."

எல்லாருக்கும் பிடித்துப்போனால் உளி என்ன செய்யும் என்று கேட்க அன்றைக்கு இருவருக்குமே தோன்றவில்லை.

பதினான்காம் அத்தியாயத்தில் நடப்பது இவ்வளவுதான். சனிக்கோளைச் சுற்றிக்கொண்டிருக்கும் கலத்திலிருந்து அதிரன் பூமியிலுள்ள தன் வீட்டுக்கு அழைக்கிறான். மனைவி பூவிழி எடுக்கிறாள். எடுத்தவள் பேசவில்லை. துண்டிக்கவும் இல்லை. அவனும் பேசவில்லை. அங்கே அவள் எழுப்பும் ஓசை ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து அவன் காதுக்கு வருகிறது. குக்கர் விசில். அடுத்த வீட்டு மிக்சி. குடத்தைத் தரையில் வைக்கும் சத்தம். நடுநடுவே, எதையோ வழிக்கும் சத்தம். இப்படியே பக்கம் பக்கமாகப் போய், "அவளுடைய மௌனம் தனக்காக ஏற்றி வைத்த விளக்கு என்பதை அதிரன் அறிந்துகொண்டான்" என்று அத்தியாயம் முடிகிறது. படத்தில் அதே இடத்தில் பூவிழி அழுதுகொண்டே ஒரு டூயட் பாடுவாள். சனிக்கோளின் வளையத்தின் மேல் அறுபது பேர் பின்னால் ஆடுவார்கள்.

அந்த வழிக்கும் சத்தம் என்ன என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். பாத்திரம் தேய்ப்பது என்றார் ஒருவர். தேங்காய் துருவுவது என்று மூன்று நான்கு பேர். கதவில் பெயின்ட் சுரண்டுவது என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார்.

அமலோற்பவத்துக்கு மட்டும் தெரியும். அது தகரத்தால் சேறு வழிக்கும் சத்தம்.

தூத்துக்குடிக்குள் வெள்ளம் வந்த ஒரு வருடம். பெர்க்மான்ஸ் கப்பலில் இருந்தார். ஒப்பந்தம் முடிந்து வந்திருக்க வேண்டியவர், இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாடியில் அவருடைய அம்மா சாகக் கிடந்தாள், கீழே இடுப்பளவு தண்ணீர். அம்மா போனபோது உடன் இருந்தது அமலோற்பவம் மட்டும்தான். படகு பிடித்து, மாதா கோயில் கல்லறைக்குக் கொண்டுபோய், சாமியார் முழங்கால் தண்ணீரில் நின்று ஜெபம் சொல்ல, அடக்கம் செய்துவிட்டு வந்தாள். தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அம்மா கடைசியா என்ன கேட்டா, அமலி?"

அவளுக்கு அதற்கு விடை தெரியும். வாய் வரை வந்தது. போனை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு, தகரத்தை எடுத்துச் சேற்றை வழிக்கத் தொடங்கினாள். அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. சார்ஜ் தீரும்வரை போன் அங்கேயே கிடந்தது.

அதைப் பற்றி அவர்கள் பிறகு ஒருநாளும் பேசவில்லை. அவர் இறந்த பிறகு ஏட்டைத் திறந்து பதினான்காம் அத்தியாயத்தை வாசித்தபோதுதான், அன்றைக்கு அவர் என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரிந்தது. கடைசி வரிக்கு வந்ததும் ஏட்டைத் தூக்கி எறியலாமா என்றிருந்தது.

விளக்காம்!

ஆனாலும் திரும்பத் திரும்ப வாசித்தாள். வேறு எங்கே அந்த வீட்டின் அன்றைய சத்தம் இருக்கிறது?

வெயிலுமுத்து அண்ணாச்சியின் டயர் கடை மாடியில் ஞாயிறுதோறும் வாசகர் வட்டம் கூடும். டயர் வாசனையில் உட்கார்ந்து அரை நாள் நாவல் பேசுவார்கள். அமலோற்பவம் அங்கே வாய் திறப்பது அபூர்வம், ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவாள். அந்த ஞாயிறு அவளே எழுந்து விஷயத்தைச் சொன்னதும் கூட்டம் திகைத்தது. சேற்றுச் சத்தத்தை மட்டும் மறைத்துவிட்டாள்.

"அவ்வளவுதானா? பட்டிமன்றம் போட்டுருவோம்!" என்றார் அண்ணாச்சி. மாவட்டத்தில் அவர் நடுவராக உட்காராத கோயில் கொடைவிழா இல்லை. அவருடைய பட்டிமன்றத்தை ஊர் ஊராக ஏட்டிலேயே பார்ப்பார்கள். "தலைப்பு எழுதிக்கிடுங்க. பதினான்காம் அத்தியாயம் வாசகருக்குச் சுவையா, சுமையா?"

பல் டாக்டர் ரஹ்மத் கையைத் தூக்கினாள். "நான் சுமை பக்கம் பேசுதேன். அமலிக்கா, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. எனக்கு அந்த அத்தியாயம் நெசமாவே பிடிக்கல."

"அதான் வேணும் டாக்டர். நல்லா திட்டுங்க," என்றாள் அமலோற்பவம். "பாதி இங்கன, பாதி அங்கன. அப்படியே நிக்கணும். அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. நீங்க தீர்ப்பு சொல்லக் கூடாது."

அண்ணாச்சியின் முகம் விழுந்தது. "தீர்ப்பு சொல்லாம பட்டிமன்றமா? இலையைப் போட்டு தண்ணி தெளிச்சு, சோறு இல்லன்னு எந்திரிக்கச் சொல்லுத மாதிரில்லா இருக்கும்."

"ஒரு பக்கம் சாஞ்சா கெட்டது அண்ணாச்சி. சத்தியம் பண்ணுங்க."

"சரிம்மா. வாயைத் தச்சுக்கிடுதேன்."

பட்டிமன்றம் நடந்த சாயங்காலம் மண்டபம் நிரம்பி வழிந்தது. வெளியூர்களில் ஏட்டைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ ஆயிரம் பேர். அமலோற்பவம் கடைசி வரிசையில் சுவரோரம் நின்றாள். உட்கார முடியவில்லை.

ரஹ்மத் வெளுத்து வாங்கினாள். "என் கிளினிக்குல வாயத் திறந்து வச்சுக்கிட்டு பேசாம இருப்பாவ, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்தப் பூவிழிக்கு என்ன? எந்தப் பல்லைப் பிடுங்கினாவ?" மண்டபம் அதிர்ந்தது. அமலோற்பவமும் சிரித்தாள். எதிரணியில் பேசிய வங்கி ஊழியர், சத்தங்களை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். கூட்டம் அடங்கிப்போனது. கைத்தட்டல் இரண்டு பக்கமும் ஒரே அளவு. எல்லாம் நினைத்தபடியே போயிற்று.

பிறகு அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார்.

"தீர்ப்பு சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு," என்றார். கூட்டம் "ஓ" என்று கூச்சல் போட்டது. "சொல்லுங்க, சொல்லுங்க" என்று கத்தினார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒருகணம் கடைசி வரிசையைப் பார்த்தார். அமலோற்பவம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"என் தம்பியும் நானும் பேசிக்கிடுததில்ல. எதிர்த்த எதிர்த்த வீடு. வருசம் கணக்கே இல்ல. ராத்திரி அவன் வீடு வந்து சேருத செருப்புச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் பிடிக்கும். இந்த நாவலை எழுதின மனுசனுக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு விளங்கல." குரல் உடைந்தது. "பதினான்காம் அத்தியாயம் சுவையே! சுவையே! சுவையே!"

மண்டபம் எழுந்து நின்றது. ரஹ்மத் மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் மாத்திக்கிடுதேன்" என்றாள். ஊர் ஊராக எத்தனையோ கட்டைவிரல்களுக்குக் கீழே நாடி ஒரே சீராகத் துள்ளியிருக்கும்.

அண்ணாச்சி மேடையிலிருந்து இறங்கி நேரே அவளிடம் வந்தார். "மன்னிச்சிரும்மா. பழக்கதோசம். ஆனா ஜெயிச்சுட்டோம்ல?"

"ஜெயிச்சுட்டோம் அண்ணாச்சி," என்றாள். அவளும் அப்படித்தான் நம்பினாள். இரவு வீட்டில் பெர்க்மான்ஸின் படத்தைத் துடைத்து வைத்தாள்.

சில நாள் கழித்து, கடையில் ஆள் இல்லாத மத்தியானம், ஏட்டைத் திறந்தாள். பதினான்காம் அத்தியாயம் இருந்தது. வெட்டப்படவில்லை. விரலால் தள்ளினாள். தள்ளிக்கொண்டே இருந்தாள். அத்தியாயம் முடியவே இல்லை. பழைய அளவைப்போல மூன்று மடங்கு.

அடுத்த வீட்டு மிக்சி இப்போது ஒரு பக்கம் முழுக்க ஓடியது. மழை புதிதாகப் பெய்தது. குருவிகள் வந்தன. பிறகு பூவிழி வாயைத் திறந்தாள்.

"தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குப் பிடித்த குழம்புக்கு," என்றாள். "உங்களை எப்போதோ மன்னித்துவிட்டேன். அதைச் சொல்லச் சொற்கள் கிடைக்காமல்தான் இத்தனை நேரம் பேசாமல் இருந்தேன்."

ஏட்டின் ஓரத்தில் சின்ன விளக்கு ஒன்று மினுங்கியது. வாசகர் நெகிழ்ந்திருக்கிறார் என்று அது குறித்துக்கொள்கிறதோ என்னவோ. அமலோற்பவம் விரலைச் சட்டென்று எடுத்தாள்.

ஷைனி போனை எடுத்ததும் எடுக்காததுமாக அமலோற்பவம் கேட்டாள். "எவட்டி அவளைப் பேச வச்சது?"

"அத்தை, நானும் இப்பத்தான் பாத்தேன். எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சுன்னா உளி அதையே இன்னும் கொஞ்சம் அள்ளிக் குடுக்கும். வெட்டுறது ஒரு வேலைன்னா இது இன்னொரு வேலை. எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும்."

"வாசிக்கவங்க என்ன சொல்லுதாவ?"

"உருகுறாங்க. அழுதேன், அழுதேன்னு எழுதுறாங்க. ஒருத்தர்கூட எதிரா எழுதல."

"பழசு?"

"பழசு உள்ள இருக்கு. மாத்தினதைப் பத்தி மறுபடி சண்டை வந்து ரெண்டு பக்கமா பிரிஞ்சா, உளி பழைய வடிவத்தையே திருப்பி வச்சிடும். ஆனா யார் சண்டை போடுவா? நீங்க பொய்யா எழுதினா செல்லாது. மாமா அத்தியாயம் பிடிக்கலைன்னு உங்களால நெஞ்சறிய எழுத முடியுமா?"

அத்தை அத்தை என்று ஷைனி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தெருவில் உப்பு லாரி ஒன்று போனது. கடைக்குள் பிரிட்ஜ் உறுமி அடங்கியது.

"வைக்கேன் ஷைனி," என்றாள் கடைசியில்.

அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே அடைத்தாள். வீட்டுக்கு வந்து, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, கட்டைவிரலை ஏட்டில் நன்றாகப் பதித்துக்கொண்டு, எழுதினாள்.

"இந்த அத்தியாயம் எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாகச் சேர்த்திருப்பது மட்டுமல்ல, முதலில் இருந்ததும்தான். அந்தச் சத்தம் தேங்காய் துருவுவது அல்ல. வெள்ளம் வடிந்த வீட்டில் தகரத்தால் சேறு வழிக்கும் சத்தம் அது. அந்தப் பெண் மாமியாரை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறாள், தனியாக. வந்திருக்க வேண்டியவன் வரவில்லை. அவளுடைய மௌனம் விளக்கு அல்ல. வாயைத் திறந்தால் அவனைச் சபித்துவிடுவோமோ என்று பயந்து மூடிக்கொண்ட வாய். அவள் மன்னிக்கவில்லை. நாவலை எழுதியவர் அந்த மௌனத்தை மிக நன்றாகக் கேட்டிருக்கிறார், தனக்கு வேண்டியபடி அர்த்தம் செய்துகொண்டார். ஏன் பேசவில்லை என்று ஒரு தடவை அவளைக் கேட்டிருக்கலாம்."

கீழே தன் பெயரை எழுதினாள். பெர்க்மான்ஸின் மனைவி என்று எழுதவில்லை. அனுப்பியபோது நெஞ்சு அடித்த அடியில் ஏட்டின் விளக்கு பச்சையாக எரிந்தது. பொய் என்று அது சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து வசவு. "எழுதின ஆளுக்கே தெரியாதாம், இந்த அம்மாவுக்குத் தெரியுமாம்!" என்றார் சேலத்துக்காரர். படத்தில் இல்லாததை எழுத யார் உரிமை கொடுத்தது என்று முதலில் கேட்டவரும் அவரேதான். வெள்ளம் எங்கே வந்தது, சனிக்கோளிலா என்று ஒரு கேலி. புருசனோடு சண்டை போட்டுவிட்டு வந்து நாவல் மேல் காட்டுகிறாள் என்று இன்னொன்று. அதை வாசித்தபோது மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவளுக்குக் கணக்கு விட்டுப்போயிற்று.

பிறகு திருவாரூர்க்காரி வந்தாள். "என் கணவர் வளைகுடாவில் இருக்கிறார். நானும் இப்படிப் போனைக் கீழே வைத்திருக்கிறேன். அது விளக்கு இல்லை" என்று எழுதினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர். சேறுதான் என்றார்கள். தேங்காய்தான் என்று எதிர்ப் பக்கம் ஒரு கூட்டம் திரண்டது. மன்னித்தாளா இல்லையா என்று டீக்கடையில் இரண்டு பேர் கைகலப்புக்குப் போனதாகக் கேள்வி.

ரஹ்மத் கடைக்கே வந்துவிட்டாள். வலி மாத்திரை வாங்குவதுபோல நின்று, ஆள் போனதும் கேட்டாள். "அமலிக்கா, அது நீங்களா?"

"பேரு போட்டுத்தான எழுதியிருக்கேன்."

"அதைக் கேக்கல. பூவிழி... நீங்களா?"

அமலோற்பவம் மாத்திரை அட்டையைக் கத்திரியால் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ரஹ்மத் பையைத் தோளில் மாட்டினாள். "நான் மறுபடி சுமை பக்கமே போயிடுதேன்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஷைனியின் குரல் போனில் துள்ளியது. "திரும்பிடுச்சு அத்தை! மாமா எழுதினது அப்படியே, ஒரு எழுத்து மாறாம! பாதிப் பேர் உங்களைத் திட்டுறாங்க, பாதிப் பேர் மாமாவைத் திட்டுறாங்க."

"ரெண்டும் சமமா இருக்கட்டும்," என்றாள் அமலோற்பவம்.

சாயங்காலம். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஏட்டோடு உட்கார்ந்தாள். பழைய அத்தியாயம். அளவான, குருவி இல்லாத, மழை இல்லாத அத்தியாயம். அவர் அழைக்கிறார். அவள் எடுக்கிறாள். குடம் தரையில் படுகிறது. தகரம் வழிக்கிறது. சனிக்கோளின் பக்கத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடைசி வரி வந்தது. விளக்கு என்றார். எப்போதும்போல எரிச்சல் வந்தது.

அடியில் ஏடு தன் வழக்கமான கேள்வியைக் கேட்டது. அத்தியாயம் பிடித்ததா, பிடிக்கவில்லையா? இரண்டு கட்டங்கள். அவள் எதையும் தொடவில்லை. மூடவும் இல்லை. ஏட்டை அப்படியே அரிசி டப்பாவின் மேல் திறந்து வைத்தாள்.

குக்கர் விசில் அடித்தது. அடுப்பைத் தணித்தாள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். தரையைத் துடைத்தாள். ஏடு அணையாமல் காத்துக்கொண்டிருந்தது.

கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதன் அருகில் வந்து நின்றாள். விரல் எதுவும் அதில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

"கடைசியா, எம் மவன் வந்துட்டானான்னு கேட்டாவ," என்றாள்.